எண்ணெய் டின்னில் ஏறிய மலை

முப்பத்து நான்கு ஆண்டுகள் கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்தேன். ஒரு விதியைக்கூட மீறியதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, ஒப்புதல் வாக்குமூலமாகச் சொல்கிறேன். என் பணிக்காலத்தில் நான் விளைவித்த நாசங்கள் அத்தனையும் விதிப்படி, உரிய படிவத்தில், மூன்று பிரதிகளில் விளைவித்தவை. விதியை மீறி நாசம் செய்கிறவனுக்குத் தண்டனை கிடைத்துவிடும், அத்தோடு விஷயம் முடியும். விதிப்படி செய்கிறவனுக்கு ஓய்வூதியம் கிடைக்கிறது. மாதா மாதம் அதை வாங்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தகர டின் ஞாபகம் வருகிறது.

எழுபதுகளின் பிற்பகுதி. திருவண்ணாமலை அப்போது வடாற்காடு மாவட்டத்தில் இருந்தது; தும்முவதென்றாலும் வேலூருக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டும். ஊரின் ஓரத்தில் இருந்த ஒரு கூட்டுறவு எண்ணெய் ஆலைக்கு என்னைச் செயலாளராக அனுப்பினார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) மூட்டை மூட்டையாக வரும். எண்ணெயாகி, பதினைந்து கிலோ டின்களில் அடைபட்டு வெளியே போகும்.

அந்த டின்களுக்கு அழகு என்று இருந்ததெல்லாம் அப்பாண்டையின் கைவேலைதான். அப்பாண்டை எங்கள் ஆலையின் பெயின்டர். வந்தவாசிப் பக்கத்து ஜைனக் குடும்பம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஒல்லியான மனிதர். தகட்டில் எழுத்துகளை வெட்டி வைத்திருப்பார். அதை டின்மேல் அழுத்திக் கறுப்புப் பெயின்ட் தொட்ட துணியால் ஒற்றி எடுத்தால், சங்கத்தின் பெயரும் 'சுத்தமான கடலை எண்ணெய்' என்ற வரியும் அதன் கீழே இரண்டு பருப்பு தெரியும் ஒரு மல்லாட்டைக் காயும் வந்துவிடும். மீதி நேரத்தில் ஆலையின் அறிவிப்புப் பலகைகள், மூட்டை அடையாளங்கள், தனி அலுவலர் வருகிற நாளில் நல்வரவுப் பலகை, எல்லாம் அவர்தான்.

அவருடைய பணியிடத்தின் பெயர் 'பெயின்டர் (தற்காலிகம்)'. பதினோரு வருடமாகத் தற்காலிகமாக இருந்தார். ஒவ்வொரு மார்ச் மாதமும் செயலாளர் ஒரு குறிப்பு எழுதுவார்: 'இப்பணியை வெளியாரிடம் கொடுக்காமல் சங்கமே செய்துகொள்வதால் பணியிடம் தொடரத் தேவையுள்ளது.' தனி அலுவலர் கையெழுத்துப் போடுவார். இன்னும் ஒரு வருடம் புதுப்பித்தால் பன்னிரண்டு. பன்னிரண்டு ஆனால் நிரந்தரம் என்று சங்கத்தின் துணைவிதியில் இருந்தது. அதாவது, நான் வந்த வருடத்தில் அந்தக் குறிப்பை எழுத வேண்டிய பேனா என்னுடையது.

தனி அலுவலர் என்பவர் வேலூரில் உட்கார்ந்து எங்களை ஆண்டுகொண்டிருந்த அதிகாரி. (தேர்தலெல்லாம் நடக்காத காலம், சங்கத்துக்குத் தலைவரும் அவரே, இயக்குநர் குழுவும் அவரே, எதிர்க்கட்சியும் அவரே.) ஒருமுறை மெட்ராஸ் போய்விட்டு வந்தவர், யாரோ ஒரு தனியார் கம்பெனியின் வண்ணப்படம் அச்சிட்ட எண்ணெய் டின்னைப் பார்த்து மனம் உடைந்து போனார்.

"என்னய்யா நம்ம டின்னு, ஜெயில்ல நம்பர் போட்ட கைதி மாதிரி நிக்குது" என்றார் என்னிடம். "தீபத்துக்கு ஊரே இங்க வருது. அதுக்குள்ள புது டின்னு வரணும். நம்ம பெயின்டரை வச்சே போடலாமா, மெட்ராஸ்ல விளம்பரக் கம்பெனிகிட்டே குடுக்கலாமா? பரிசீலிச்சு ஃபைல் போடுங்க."

பரிசீலிப்பதில் எனக்கு இணை கிடையாது. ஒரு முழுநீளத் தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் 'உள்பணியாளர்', வலப்பக்கம் 'வெளி நிறுவனம்'. கீழே கீழே தலைப்புகள்: கல்வித் தகுதி, முன்னனுபவம், சான்றுகள், காலவரையறை, பொது. இடப்பக்கத்தில் 'இல்லை', 'இல்லை' என்றே எழுதிக்கொண்டு போனேன். 'பொது' என்ற இடத்தில் 'மாலையில் சீக்கிரம் சென்றுவிடுகிறார்' என்று எழுதினேன். அவர் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாக வேண்டும். அவர்கள் வழக்கம் அது. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து அந்த அரைமணியைச் சரிக்கட்டிவிடுவார். காலையில் சீக்கிரம் வருவதை எழுதுவதற்கு என் பட்டியலில் இடம் இல்லை.

மெட்ராஸிலிருந்து விளம்பரக் கம்பெனிக்காரர் வந்தார். சந்துரு என்று பெயர். பெரிய காலர் வைத்த சட்டை, தோளில் தொங்கும் பை, கண்ணாடியை நெற்றிக்கு மேலே தூக்கி வைத்திருந்தார். என் அறைக்குள் வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. நேராக ஜன்னலுக்குப் போனார். ஜன்னலுக்கு வெளியே மலை.

"மை காட்" என்றார்.

நானும் எழுந்து போய்ப் பார்த்தேன். வழக்கமான மலைதான்.

"இதை வச்சுக்கிட்டு நீங்க கடலைக்காய் போட்டுட்டு இருக்கீங்களே சார்! உங்க பிராண்டு வாசல்லயே நிக்குது. லட்சக்கணக்கான ஜனங்க கையெடுத்துக் கும்பிடற பிராண்டு. இதைவிட என்ன சார் கான்செப்ட் வேணும்?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஐம்பது தடவையாவது அந்த மலையைச் சுற்றி வந்திருக்கிறேன். ஒரு தடவைகூட அது ஒரு கான்செப்ட் என்று எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

மூன்று வாரத்தில் அட்டையில் ஒட்டி, மேலே மெல்லிய வெண்தாள் போர்த்தி, படம் வந்தது. சந்துரு அந்தத் தாளை மணப்பெண்ணின் முகத்திரையைப் போல மெதுவாகத் தூக்கினார். ஊதா வானம். நடுவில் நீல மலை. உச்சியில் செக்கச்செவேலென்று தீபம். கீழே தங்க எழுத்தில் எங்கள் சங்கம். டின்னின் இரண்டு பக்கங்களிலும் இதே படம். காகிதத்தில் அச்சிட்டு ஒட்டுவதில்லை, தகரத்திலேயே அச்சு. காலத்துக்கும் அழியாது என்றார் சந்துரு. (அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது முழு உண்மை. பின்னால் தெரிந்துகொண்டேன்.)

தேர்வுக் குழுவில் மூன்று பேர்: நான், கணக்கர், கிடங்குக் காப்பாளர். மூவர் நெற்றியிலும் பட்டை பட்டையாய் விபூதி. மூவரும் அட்டையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். தீர்மானம் நிறைவேறியது.

அப்பாண்டை வரைந்ததும் மேஜையில் இருந்தது. பழைய மல்லாட்டைக் காயைக் கொஞ்சம் பெரிதாக்கி, மஞ்சளும் மண்நிறமும் கொடுத்து, பக்கத்தில் இரண்டு இலை சேர்த்திருந்தார். காய் உயிரோடு இருந்தது, நிஜமாகவே உடைத்துச் சாப்பிடலாம் போல. ஆனால் அதைப் பார்த்து யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று மத்தியானம் அப்பாண்டை என் அறை வாசலில் வந்து நின்றார்.

"சார், ஒரு நிமிஷம்."

"உங்க படமும் நல்லாத்தான் இருக்கு அப்பாண்டை. குழு முடிவு பண்ணிடுச்சு. மனசுல வச்சுக்காதீங்க."

"என் படம் கெடக்குது சார். மலைய டின்னுல போட வேணாம் சார்."

"ஏன்?"

"டின்னு காலியாயிடுமே சார்."

நான் சிரித்தேன். எண்ணெய் டின் காலியாகாமல் என்ன செய்யும்? காலியானால்தானே அடுத்த டின் விற்கும்? "சொல்றதைத் தெளிவா எழுத்து மூலமா குடுங்க. பார்க்கலாம்" என்றேன். அது என் வழக்கம். யார் எது சொன்னாலும் எழுத்து மூலமாகக் கேட்பேன். பாதிப் பேர் எழுத மாட்டார்கள், வேலை பாதியாகிவிடும்.

அப்பாண்டை எழுதிக் கொடுத்தார். அழகான கையெழுத்து. ஆனால் நேராக எனக்கு எழுதியிருந்தார். ஆலைத் தொழிலாளியின் மனு ஃபோர்மேன் வழியாகத்தான் எனக்கு வர வேண்டும். ஃபோர்மேன் பதினைந்து நாள் விடுப்பில் இருந்தார். 'உரிய வழியில் சமர்ப்பிக்கவும்' என்று ஓரத்தில் எழுதி, உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்காமலேயே திருப்பி அனுப்பினேன். உரிய வழியில் வராத மனுவைப் படிப்பதே முறைகேடு என்பது அந்த நாளில் என் கொள்கை. ஃபோர்மேன் விடுப்பு முடிந்து வருவதற்குள் தகரத்தில் மலை அச்சேறிவிட்டது. ஆயிரத்து இருநூறு டின்கள்.

அதோடு நிற்கவில்லை. டின் வேலை இப்போது வெளியாரிடம் போய்விட்டதால், 'வெளியாரிடம் கொடுக்காமல் சங்கமே செய்துகொள்வதால்' என்ற வரியை இனிமேல் எழுத முடியாது. எழுதினால் பொய். பொய்க் குறிப்பு எழுத என் கை வராது. அடுத்த மார்ச் வரைகூடக் காத்திருக்கத் தேவையில்லை, பணியிடத்தின் தேவை எப்போது முடிகிறதோ அப்போதே முடித்துவிடலாம் என்றும் துணைவிதியில் ஒரு வரி இருந்தது. அதைத் தேடிக் கண்டுபிடித்தவனும் நான்தான். யாரும் கேட்கவில்லை.

ஆணையை அப்பாண்டையின் கையில் நானே கொடுத்தேன். அவரை நிற்க வைக்கவில்லை, நாற்காலி போட்டு உட்கார வைத்து, 'வாங்க, போங்க' என்று பேசித்தான் கொடுத்தேன். மரியாதையில் நான் யாருக்கும் குறை வைத்ததே இல்லை.

அவர் அதை இரண்டு தடவை படித்தார். "பதினோரு வருஷம் சார்" என்றார்.

"தெரியும் அப்பாண்டை. விதி."

"அந்தத் தகடுங்க எல்லாம் ஷெட்டுல ஆணியில மாட்டி வச்சிருக்கேன். எண்ணெய் தடவலேன்னா துரு ஏறிடும். யாரையாச்சும் தடவச் சொல்லுங்க." தகடுகளை ஒப்படைத்ததாக எழுதி வாங்கிக்கொண்டு அவரை அனுப்பி வைத்தேன்.

கார்த்திகை தீபத்துக்குச் சன்னதித் தெருவுக்குப் பக்கத்தில் எங்கள் சங்கத்துக்கு ஒரு கடை போட்டோம். புது டின்களைப் படிப்படியாக அடுக்கி, நடுவில் விளக்கு வைத்தோம். கூட்டம் அலைமோதியது. கிராமத்து ஜனங்கள் எங்கள் கடை முன்னால் நின்றார்கள். டின்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஓர் அம்மாள் கற்பூரமே ஏற்றிவிட்டார். எண்ணெய்க் கடையில் கற்பூரம் ஏற்றினால் என்ன ஆகும் என்ற பயத்தில் நான் ஓடிப்போய் அணைத்தேன். எல்லோரும் கும்பிட்டுவிட்டு, அடுத்த கடைக்குப் போய் சில்லறை எண்ணெய் வாங்கிக்கொண்டு போனார்கள். 'புதிய டின்னுக்குப் பொதுமக்களிடையே மிகுந்த வரவேற்பு' என்று வேலூருக்கு அறிக்கை அனுப்பினேன்.

அடுத்த வாரம், எங்களிடம் வழக்கமாகச் சரக்கு எடுக்கும் மளிகைக்கடை முனுசாமி முதலியார், எடுத்த டின்களை மாட்டு வண்டியில் ஏற்றித் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.

"எண்ணெய் கெட்டுப் போச்சுங்களா?" என்றேன்.

"எண்ணெய் பிரமாதம் சார். டின்னுதான் ஆவல."

"டின்னுக்கு என்னங்க? தேர் மாதிரி இருக்குதே!"

"அதான் சார் வம்பே. தேர்ல எண்ணெய் வித்தா யார் சார் வாங்குவான்?" முதலியார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்க ஊட்ல எண்ணெய் டின்னு காலியானா என்ன பண்ணுவீங்க?"

"எங்க வீட்டுக்குச் சில்லறையாத்தான் வாங்கறது."

"அதான் தெரியல. ஓட்டல்காரனும் கல்யாண ஊட்டுக்காரனும் டின்னா வாங்கறான். காலியானா மேல் மூடிய வெட்டிட்டு, குறுக்க ஒரு கட்டைய அடிச்சு வித்துடுவான். அத வாங்கறவன் எதுக்கு வாங்கறான்? காலங்காத்தால தண்ணி எடுத்துக்கினு போறதுக்கு. கொல்லைக்கு சார்! கக்கூசுக்கு! ஊர் பூரா அதுக்குத்தான் எண்ணெய் டின்னு. அண்ணாமலையாரைத் தூக்கிக்கினு எவன் சார் கக்கூசுக்குப் போவான்?"

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் ஊரில் மலையின்மேல் சாமி இல்லை. மலையேதான் சாமி. அதன் படத்தைக் காலில் மிதிபடும் இடத்தில் வைத்தாலே நாங்கள் பதறுவோம். அதைத்தான் நான் குழு அமைத்து, தீர்மானம் போட்டு, ஒவ்வொரு டின்னிலும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டிரண்டு முறை அச்சடித்திருந்தேன். தனி அலுவலர், சந்துரு, நான், கணக்கர், கிடங்குக் காப்பாளர், எல்லோரும் நிரம்பிய டின்னைப் பற்றியே யோசித்தோம். காலி டின்னைப் பற்றி யோசித்தவர் ஆலையில் ஒரே ஒருவர். காலி டின் என்னத்துக்கு ஆகும் என்று தெரியாமலே வாழும் வசதி அவர் வீட்டில் இல்லை.

அன்றைக்கே அவருடைய மனுவைத் தேடினேன். ஃபோர்மேன் மேஜையில், உரிய வழியில், உறங்கிக்கொண்டிருந்தது. நான்கே வரி. முதலியார் வாயால் சொன்னதைத்தான் அவர் நாகரிகமாக எழுதியிருந்தார்.

அதற்குள் விபரீதம் நடந்துவிட்டது. தீபத்துக்கு முன்பே ஒரு சைவ ஓட்டல் நான்கு டின் வாங்கியிருந்தது. அதில் ஒன்று காலியாகி, கைமாறி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கழிப்பிடத்தின் வாசலில் தண்ணீரோடு உட்கார்ந்திருந்ததை யாரோ பார்த்துவிட்டார்கள். முப்பது நாற்பது பேர் ஆலைக்கு வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவர் பூக்கடைக்காரர். அவர் கையில் அந்த டின். மஞ்சள் தண்ணீரில் கழுவி, விபூதி பூசி, மாலை போட்டிருந்தது.

"யாருங்க செக்ரட்டரி?"

"நான்தான்."

"நீங்க இந்த ஊருங்களா?"

"ஆமாங்க."

"மலை சுத்துவீங்களா?"

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி."

"சுத்திட்டு வந்துமா சார் இப்படிப் பண்ணிட்டீங்க?"

அவர் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. டின்னைக் கொண்டுவந்து என் மேஜையின் நடுவில், கோப்புகளின்மேல் வைத்தார். எல்லோரும் ஒரு தடவை கும்பிட்டார்கள். நானும் எழுந்து நின்று கும்பிட்டேன். போய்விட்டார்கள்.

அந்த டின்னை மேஜையிலிருந்து எடுக்க ஆலையில் ஒருவரும் முன்வரவில்லை. நான் எடுத்தால் எங்கே வைப்பது? கீழே வைக்க முடியாது. பீரோவுக்கு மேலே கூரை இடித்தது. ஆகவே இருபது நாள் அதன் பின்னால் உட்கார்ந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்து நிர்வாகம் செய்தேன். என் அறைக்குள் வருகிறவர்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார்கள். அது என் பதவிக்கான மரியாதை அல்ல. துப்புரவுத் தொழிலாளி தினமும் காலையில் அதற்கு ஒரு செம்பருத்தி வைத்துவிட்டுத்தான் அறையைப் பெருக்கினார். சந்துருவுக்கு எழுதினேன். 'தங்கள் குழு அங்கீகரித்த வடிவமைப்பு' என்று ஒரே வரியில் பதில் வந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் ஊரில் மலை இல்லை.

வேலூரிலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தது, கூடவே ஆணை. மலைப்படத்தை அழித்து, பழைய மல்லாட்டைக் காயையே போட்டு, டின்களை உடனடியாகப் பயன்படுத்த வேண்டும். பழைய தகடுகளைப் போய்ப் பார்த்தேன். யாரும் எண்ணெய் தடவவில்லை.

அப்பாண்டையைத் தேடிக்கொண்டு போனேன். செங்கம் சாலையில் ஒரு லாரி பட்டறையில், லாரிக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து எழுத்து எழுதிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். அந்தப் பக்கம் சாயாதீங்க, ஈரம்."

எழுதிக்கொண்டிருந்த எழுத்தை முடித்துவிட்டுத் தூரிகையைத் துடைத்தார். பச்சை அடித்து மலையை மறைக்க வேண்டும் என்று விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தினி டின்னு சார்?"

"ஆயிரத்து இருநூறுக்கு ஒண்ணு ரெண்டு கம்மி."

"ரெண்டு பக்கமும்?"

"ரெண்டு பக்கமும்."

"ஜாஸ்திதான்" என்றார். குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே வேலையை மனசுக்குள் அளந்தார்.

"அப்பாண்டை, திரும்ப வேலைக்கு எடுக்க இப்ப விதியில இடமில்ல. ஆனா ஒப்பந்த அடிப்படையில, வெளியாள்னு, உங்களுக்கே இதைக் குடுத்துடலாம். மூணு கொட்டேஷன் வேணும். மத்த ரெண்டும் நானே ஏற்பாடு பண்ணிக்கறேன்." (விதியை வளைக்க நான் முன்வந்த ஒரே சந்தர்ப்பம் அது. அதுவும் பலிக்கவில்லை என்பதால் என் பணிப் பதிவேடு இன்றும் சுத்தமாக இருக்கிறது.)

"வேணாம் சார். மல்லாட்ட போடணும்னா வந்து போட்டுத் தரேன். மலைய அழிக்க நான் வர மாட்டேன்."

"உங்களுக்கு இது சாமி இல்லியே. நீங்க ஜைனர்தானே?"

"எங்க சாமி இல்லதான் சார்." அவர் மறுபடி தூரிகையை எடுத்துக்கொண்டார். "ஆனா நாள் முழுக்க அதுக்கு எதிர்க்கத்தானே வேலை செய்யறேன்."

நான் எழுந்து கொஞ்ச தூரம் போனதும் கூப்பிட்டார். "சார்! யார் அழிச்சாலும் மொதல்ல சாம்பல் கலர் ஒரு கோட்டு ஓட்டச் சொல்லுங்க. நேரா பச்சை அடிச்சா அந்தச் செவப்பு அடங்காது."

ஊரில் வேறு ஐந்து பெயின்டர்களைக் கேட்டேன். ஐந்து பேரும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். ஆலைத் தொழிலாளர்கள் ஒட்டுமொத்தமாக மறுத்தார்கள். கணக்கருக்கும் கிடங்குக் காப்பாளருக்கும் ஒரே நாளில் முதுகுவலி வந்தது. கடைசியில், பச்சைப் பெயின்ட் வாளியும் நானும்தான் மிச்சம். பச்சைக்கு நான் ஏற்கெனவே இண்டென்ட் போட்டு வாங்கியிருந்தேன். சாம்பல் வேண்டுமென்றால் புது இண்டென்ட், புது அனுமதி, மறுபடி வேலூர். அப்பாண்டை சொன்னது வாய்மொழி யோசனைதானே?

கிடங்கின் பின்பக்கம், வேலிக்கு அப்பால் பொதுப் பாதை. ஞாயிற்றுக்கிழமைகளிலும், சனிக்கிழமை மத்தியானங்களிலும், கைலியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து மலையை அழித்தேன். தலை நிமிர்ந்தால் நிஜ மலை எதிரே நின்றது. போகிற வருகிறவர்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள். "பாவம், வேண்டுதல் போல இருக்குது" என்று ஒரு கிழவர் சொன்னது காதில் விழுந்தது. முதல் நூறு டின்னில், ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு மொத்தமாகக் கேட்டுக்கொண்டேன்.

பச்சை காய்ந்ததும் போய்ப் பார்த்தால், வானம் மறைந்திருந்தது, மலை மறைந்திருந்தது, எழுத்தும் மறைந்திருந்தது. தீபம் மட்டும் ஒவ்வொரு டின்னிலும் அப்படியே எரிந்துகொண்டிருந்தது. காலத்துக்கும் அழியாது என்று சந்துரு சொன்ன அச்சு. எல்லாவற்றையும் மறுபடி அடித்தேன். என் மனைவி சரோஜா மத்தியானச் சாப்பாட்டைத் தூக்கில் எடுத்துக்கொண்டு வந்து, என் மூக்கு நுனிவரை பச்சையாக இருந்ததைப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். அழுகிறாள் என்று நினைத்தேன்.

மல்லாட்டைக் காயை அப்பாண்டை வந்து போட்டார். சொன்னபடி வந்தார். துருப்பிடித்த தகடுகளை உப்புத்தாளால் தேய்த்து, நாலு நாளில் முடித்துவிட்டுப் போனார். போகும்போது டின்களின் பச்சையை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். "கை நல்லா வந்திருக்குது சார்" என்றார்.

எனக்கு உறைத்தது. கிடங்கில் உட்கார்ந்து வர்ணம் அடித்ததில் வந்த புத்தியில் முதல்முறையாக ஒரு நல்ல காரியம் செய்வோம் என்று, பெயின்டர் பணியிடத்தை மீண்டும் உருவாக்கி அப்பாண்டையையே நியமிக்க வேண்டும், முந்தைய பதினோரு வருடத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று முன்மொழிவு தயாரித்தேன். ஏழு பக்கம். என் வாழ்நாளில் அதைவிடச் சிறந்த கோப்பை நான் எழுதியதில்லை. தவறு என்னுடையது என்று மூன்று இடத்தில் ஒப்புக்கொண்டிருந்தேன். அவருடைய நான்கு வரி மனுவையும் இணைத்திருந்தேன். அப்பாண்டையிடம் போய், "நிச்சயம் வந்துடும்" என்றும் சொல்லிவிட்டேன். அவர் லாரி பட்டறையில் தருவதாகச் சொன்ன மாதாந்திர வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

இரண்டு மாதம் கழித்து வேலூரிலிருந்து கோப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் தனி அலுவலரின் குறிப்பு: 'டின்களுக்கு வர்ணம் பூசும் பணியைச் செயலாளரே செவ்வனே செய்து முடித்துள்ளதாகத் தெரிய வருகிறது. எனவே தனிப் பணியிடம் தேவையில்லை. செயலாளருக்குப் பாராட்டு.'

குறை சொல்ல முடியாத குறிப்பு. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அதை அப்பாண்டையிடம் படித்துக் காட்டப் போனேன். முழுவதும் கேட்டார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. "சாப்பாட்டு நேரம் ஆவுது சார்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். பட்டறையில் அந்த மாதாந்திர வேலைக்கு அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டிருந்தான். சில வருடங்கள் அங்கே இங்கே லாரிகளின் முதுகில் அவர் எழுத்து தெரிந்துகொண்டிருந்தது. பிறகு குடும்பத்தோடு எங்கேயோ போய்விட்டார் என்றார்கள். எங்கே என்று விசாரிக்க எனக்குத் தெரிந்த முறை எதுவும் பயன்படவில்லை. நானும் பதவி உயர்வு பெற்று வேறு ஊருக்குப் போனேன். பாராட்டுக் குறிப்பு அதற்கு உதவியது.

எங்கள் குடும்பத்தில் இன்றும் இந்தக் கதை ஓடுகிறது. கல்யாண வீட்டில் புதுச் சம்பந்தி யாராவது மாட்டினால் போதும், என் மருமகன் ஆரம்பித்துவிடுவார்: "எங்க மாமாவை சாதாரணமா நினைக்காதீங்க. அண்ணாமலையாரையே ரெண்டாயிரத்து நானூறு தடவை அழிச்சவரு!" சரோஜா உடனே, "ரெண்டு கோட்டு" என்பாள். கற்பூரம், மேஜைமேல் டின், செம்பருத்தி, பச்சை மூக்கு, ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு எழும். நானும் சிரிப்பேன். என்னையே சொல்லச் சொல்வார்கள், நான் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கிறதாம்.

போன மாதம் பேத்தியின் தோழிகள் வந்திருந்தார்கள். அன்று என்னவோ, அப்பாண்டையையும் சேர்த்து முழுக் கதையையும் சொல்லிப் பார்த்தேன். மனு, ஆணை, ஏழு பக்கக் கோப்பு எல்லாம். யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எதுக்குங்க அதையெல்லாம்? எப்பவும் சொல்ற மாதிரி சொல்லுங்க" என்றாள் சரோஜா.

எப்போதும் சொல்கிற மாதிரியே மறுபடி சொன்னேன். நன்றாகச் சிரித்தார்கள்.